நாகர்கோவில் ஜங்ஷன்: இஞ்சின் திருப்பும் சிக்கல் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவில் ஜங்ஷனை ‘ராஜா காலத்து ஸ்டேஷன்’ என்று சொல்லக் கேட்கிறோம். அது சரியல்ல. திருவிதாங்கூர் மன்னராட்சியில் செங்கோட்டை வழியாக வந்த மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) ரயில் 1904-ல் கொல்லத்துக்கும் 1918-ல் திருவனந்தபுரம் சாக்கைக்கும் 1931-ல் இன்றைய திருவனந்தபுரம் சென்ட்ரல் இருக்கும் தம்பானூருக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே தண்டவாளமே கிடையாது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் இங்கே பஸ்தான். 1972-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில்தான் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதையில் ரயில் ஓடியது. தம்பானூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தாண்ட 48 வருடம்!

தேதியைத் திருத்துவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஜங்ஷனில் இன்று படும் பாடு, பாதைகள் வந்து சேர்ந்த விதத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் பாதை கோட்டாற்றில் இருக்கும் ஜங்ஷனின் வடக்கு முனையில் நுழைந்து, மறுமுனை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. 1981-ல் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வந்த திருநெல்வேலி பாதையும் அதே வடக்கு முனையில்தான் சேர்ந்தது. கன்னியாகுமரிக்குப் போகும் ரயிலுக்கு இது நேர்வழி. திருவனந்தபுரத்திலிருந்து நெல்லைக்குப் போகிற ரயிலோ வந்த முனையிலேயே திரும்ப வெளியேற வேண்டும்; அதற்கு இஞ்சினை வண்டியின் மறுமுனைக்கு மாற்ற வேண்டும். இங்கே போட்டது அகலப்பாதை, நெல்லைக்கு வடக்கே அப்போது மீட்டர்கேஜ். சென்னை போகிறவர்கள் நெல்லையில் வண்டி மாறினார்கள். அதனால் இந்தச் சிக்கல் அன்று பெரிதாகத் தெரியவில்லை. மதுரைப் பாதை அகலமாகி நேரடி ரயில்கள் பெருகியபின் கழுத்தைப் பிடிக்கிறது.

இஞ்சின் மாற்றுவதென்றால் என்னவென்று பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் புரியும். வண்டி நின்றதும் இருபக்கமும் ஆங்கிள் காக்கை (காற்றுக் குழாயின் வால்வு) மூடி, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் பிரேக் பைப், ஃபீட் பைப் ஹோஸ்களைப் பிரித்து, கப்ளிங்கைக் கழற்றுகிறார்கள். இஞ்சின் காலியான பக்கத்து லைனில் மறுமுனைக்கு ஓடி வந்து இணைகிறது. ஹோஸ்களை மாட்டி, சதுர செ.மீ.க்கு பிரேக் பைப்பில் 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தம் ஏற்ற வேண்டும். கார்டு கடைசிப் பெட்டியில் அழுத்தம் வந்து சேர்ந்ததா, டிரைவர் பிரேக் போட்டால் இறங்குகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகே சிக்னல். கடைசிப் பெட்டி என்று காட்டும் ‘எல்வி’ பலகையும் சிவப்பு விளக்கும்கூட இடம் மாற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே சுமார் 20 நிமிடம். ஒரு ஆங்கிள் காக் சரியாகத் திறக்காவிட்டால் பின்பெட்டிகளுக்குக் காற்று போகாது, தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்து லைனில் வேறு வண்டி நின்றால் இஞ்சின் ஓட வழியே இல்லை. இதற்குள் வடக்கு முனையில் அடுத்த வண்டி வெளியே காத்துக் கிடக்கும்.

இதற்கு மருந்து ஏற்கெனவே தரையில் இருக்கிறது: திருவனந்தபுரம் பாதையையும் நெல்லைப் பாதையையும் ஜங்ஷனுக்கு வெளியிலேயே இணைக்கும், முக்கோணத்தின் மூன்றாவது பக்கமான பைபாஸ் பாதை. ஜங்ஷனுக்குள் நுழையாமல் நாகர்கோவில் டவுன் ஸ்டேஷனில் நின்று நேராகப் போகலாம். கோட்டாற்றுக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு, அது நியாயமானதுதான். கன்னியாகுமரிக்கு வண்டி மாறுகிறவர்களும் தவிப்பார்கள். ஆகவே ஜங்ஷனில் புறப்படும், முடியும் ரயில்களையும் கன்னியாகுமரி ரயில்களையும் அங்கேயே வைத்துக்கொண்டு, வெறுமனே தாண்டிப் போகிறவற்றை மட்டும் டவுனுக்குத் திருப்பினால் போதும்.

ஆனால் டவுனை அதற்குத் தயார் செய்துவிட்டுத் திருப்ப வேண்டும். எல்ஹெச்பி என்ற புதுவகைப் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். 24 பெட்டியும் இஞ்சினும் சேர்ந்தால் 600 மீட்டரை நெருங்கும். பிளாட்பாரம் அதற்குக் குறைந்தால் கடைசிப் பெட்டியில் வருகிற வயதானவர் ஜல்லியில் குதிக்க வேண்டியதுதான். உயரம் தண்டவாளத்திலிருந்து 76 செ.மீ.க்குக் குறையாமல், முழு நீளத்துக்கும் கூரையோடு வேண்டும். இரவு ரயில் நேரங்களில் வடசேரிக்கும் கோட்டாற்றுக்கும் டவுன் பஸ் வேண்டும். பஸ்ஸுக்கான உத்தரவும் ரயில் திருப்பும் உத்தரவும் ஒரே நாளில் வரட்டும்.

– ரயில் பயணிகள் சிலர், குழித்துறை