ஓக்லாந்திலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கலிபோர்னியாவில் நான் நலம். வேலை, ரயில், சமையல் என்று வாரம் ஓடிவிடுகிறது. லீவு நாளில் பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை; சும்மா நடப்பேன். அப்படி நடந்தபோதுதான் கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடத்துக்குள் நுழைந்தேன். நம்ம பாப்பா நினைப்பாகவே இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

1974-இல் தொடங்கிய இடம். மாற்றுத்திறனாளிகளான பெரியவர்கள் வந்து வரைகிறார்கள், தைக்கிறார்கள், களிமண்ணில் உருவம் செய்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும் உண்டு. பொழுதுபோக்கு வகுப்பு என்று நினைத்துவிடாதே. படைப்புகள் விலைக்குப் போகின்றன. பாதிப் பணம் செய்தவருக்கு.

ஜூடித் ஸ்காட் என்ற கலைஞர் இங்கே இருந்தவர்தான். 1943-இல் இரட்டையராகப் பிறந்தார். இவருக்கு டவுன் சிண்ட்ரோம், கூடப் பிறந்த ஜாய்ஸுக்கு இல்லை. ஏழு வயதில் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். 35 வருஷம் அங்கேயே. காது கேட்காது என்பதைக்கூட ரொம்ப காலம் யாரும் கவனிக்கவில்லை. கேள்வியே காதில் விழாதவரைச் சோதித்துவிட்டு, படிப்பு ஏறாது என்று எழுதிவைத்தார்கள்! எண்பதுகளின் நடுவில் ஜாய்ஸ்தான் போராடி கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்தார்.

1987-இல் இங்கே சேர்ந்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் எதிலும் மனம் ஒட்டவில்லை. அப்புறம் நூல் கைக்கு வந்தது. குச்சி, சக்கரம், கையில் கிடைத்த எதையும் நூலால் சுற்றிச் சுற்றி, உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாதபடி கட்டினார். நூல் தீர்ந்த சமயத்தில் கைதுடைக்கும் காகிதங்களை முடிச்சுப் போட்டே ஒன்று செய்துவிட்டார். 2005-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 200 படைப்புகள். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் 2014-இல் தனிக் கண்காட்சியே வைத்தார்கள்.

ஆனால் அக்கா, என்னை அசைத்தது அந்த இரண்டு வருஷம். ஒன்றும் வரவில்லையே என்று யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, கையைப் பிடித்து வரைய வைக்கவும் இல்லை.

நீ அனுப்பிய மயில் படத்தைப் பார்த்தேன். கோட்டைத் தாண்டாமல் அவ்வளவு சுத்தமான நீலம். அது டீச்சர் கை, சரிதானே? மூலையில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திய சிவப்புக் கிறுக்கல்தான் பாப்பாவுடையது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அடுத்த முறை வெளிக்கோடு போட்ட தாள் வேண்டாம். பெரிய வெற்றுத் தாளும் நாலைந்து கிரேயானும் கொடுத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். போதும் என்று அவள் தள்ளிவிட்டால் அப்படியே மடித்து எனக்கு அனுப்பு. அழகுபடுத்தாதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி