குழந்தைச் சாமி செய்த உலகம்

எடின்பரோ, ஸ்காட்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. கொடைக்கானல் மலையில் நம்ம பூம்பாறைக்காரனுக்குக் குளிர் புதிதில்லை. ஓயாத காற்றும் சாரலும்தான் ஆளை வாட்டுகிறது. முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது.

போகிற வழியில், ராயல் மைல் தெருவில், டேவிட் ஹியூம் சிலை இருக்கிறது. 1776-இல் இறந்த இந்த ஊர்த் தத்துவவாதி. மூடநம்பிக்கையைப் போட்டுக் கிழித்தவரின் கால் கட்டைவிரலை, அதிர்ஷ்டம் வரும் என்று பிள்ளைகள் தடவித் தடவிப் பளபளவென்று ஆக்கிவைத்திருக்கிறார்கள்! அந்த வேடிக்கையில்தான் நூலகத்தில் அவர் புத்தகத்தை எடுத்தேன். சாமியைப் பற்றி மூன்று பேர் வாதாடுவதாக எழுதியது. வம்பு வேண்டாமென்று அவர் இருந்தவரை வெளியிடவில்லை, 1779-இல்தான் அச்சானது.

"மலைச்சரிவில் படிப்படியா தோட்டம் இருக்குன்னா வெட்டினவன் இருக்கணும், அப்ப மலையைச் செஞ்சவனும் இருக்கணும்" என்பீர்களே, பேலி என்ற பாதிரியார் 1802-இல் கடிகாரத்தை வைத்துச் சொன்னதும் அதேதான். ஹியூம் முன்கூட்டியே மடக்கிவிட்டார். தோட்டம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறோம். உலகம் உண்டானதை யார் பார்த்தது? சரி, இருக்கட்டும். நம் தோட்டத்தை ஒருத்தரா வெட்டினார்? தாத்தா, அவர் அப்பா, கூலிக்கு வந்தவர்கள். அந்தக் கணக்கில் பல சாமி வரும். இல்லை, ஒரு குழந்தைச் சாமி கைபழகச் செய்துபார்த்து, பாதியில் போட்டுவிட்டுப் போன உலகமாகக்கூட இருக்கலாமாம். அவர் நையாண்டிக்குச் சொன்னார். எனக்கு நம்ம ஊர்க் கோயில் முருகன், குழந்தை வேலப்பர் ஞாபகம் வந்து பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன்.

சாமி உண்டு என்பதற்கு ஆன்செல்ம் என்ற துறவி சொன்ன வாதம் வேறு: எதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாதோ அதுதான் சாமி, அது நினைப்பில் மட்டும் இருந்தால் குறைதானே, ஆகவே நிஜத்திலும் இருக்கிறது என்று. எனக்கு ஒட்டவேயில்லை. மனசில் நூறு காசு இருந்தால் கையில் இருப்பதாகுமா என்று கேட்டார் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதி. வாடகை கட்டுகிறவனுக்கு அது சட்டென்று விளங்கும்.

ஹியூமும் சாமி இல்லை என்று நிரூபித்துவிடவில்லை. தோட்டத்தைக் காட்டி வேலப்பரைக் காட்ட முடியாது, அவ்வளவுதான். நீங்கள் என்ன, வாதத்தைக் கேட்டுவிட்டா தேர் இழுக்கிறீர்கள்?

ஒன்று மட்டும் கேட்கணும். உறைபனியில் உருளைச் செடி கருகினபோது "அவன் கணக்கு" என்றீர்கள். விளைந்தால் அவன் அருள், கருகினால் அவன் கணக்கு என்றால், எது நடந்தாலும் பதில் ஒன்றுதானே? இதற்கு எழுதியே அனுப்புங்கள். போனில் வேண்டாம், நீங்கள் சத்தம் போடுவீர்கள், அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள்.

பூண்டு விதைக்குப் பணம் சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்.

உங்கள் மகன்