சித்திக்கு ஒரு கடிதம்: க்ரீம் வாங்கும் முன்

அன்புள்ள சித்திக்கு,

நேற்று போனில் "ஒரு க்ரீம் பேர் மட்டும் சொல்லுடி, போதும்" என்றீர்கள். நான் இழுத்ததில் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு க்ரீம் பேருக்கா பஞ்சம்? சர்க்கரைக்குப் புது மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தது என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அதுதான் எனக்கு இடித்தது. உங்கள் பெயர், ஊர் எதுவும் இங்கே போடவில்லை. இதே விஷயத்தைக் கேட்க வந்து, கடையில் ஆண்கள் நிற்பதைப் பார்த்ததும் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் நிறைய. அவர்களும் படிக்கட்டும்.

இது பெரும்பாலும் கேண்டிடா என்கிற பூஞ்சையின் வேலை. பல பெண்களின் உடம்பில் அது சும்மாவே இருக்கும். நல்ல பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரை ஏறினாலோ அது பெருகிவிடும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. ஆகவே சுத்தமில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், சித்தப்பாவையும் சந்தேகப்பட வேண்டாம். உடம்புச் சூடு, வெட்டை என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறீர்கள். குடியுங்கள், ஆனால் அது பூஞ்சைக்கு மருந்தாகாது.

மாதவிடாய் நின்றபின் இந்தப் பூஞ்சைத் தொற்று பொதுவாகக் குறைந்துவிடும். உங்கள் வயதில் வந்தால் முதலில் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று '-கிளிஃப்ளோசின்' என முடிகிற பெயர் இருக்கிறதா? இவை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. 10 மில்லிகிராம் டாபாகிளிஃப்ளோசின் ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸை அப்படி அனுப்பிவிடும். சிறுநீர் படுகிற இடத்தில் அவ்வளவு இனிப்பு என்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தானே. முன்பு விலை அதிகமான மாத்திரைகள் இவை. டாபாவுக்கும், 2025 மார்ச்சில் எம்பாவுக்கும் இங்கே காப்புரிமை முடிந்தது, விலை சரிந்தது, இப்போது எங்கள் கடையிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறோம். எழுதித் தரும்போது டாக்டர்கள் இந்த அரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மாத்திரை அது. தொடர்வதா மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும். ஆனால் காய்ச்சலோடு அந்த இடம் வீங்கிச் சிவந்து கடுமையாக வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், இது பூஞ்சைதானா என்பது. திரிந்த பால் மாதிரி கெட்டியாக, வாடை இல்லாமல் வெள்ளைப்பட்டு, அரிப்பும் சிறுநீர் போகும்போது எரிச்சலும் இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல் நிறத்தில் நீர்த்து மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியாவின் வேலை, மருந்தே வேறு. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தாலும் வேறு. வெள்ளையே படாமல் வறட்சியும் அரிப்பும் மட்டும் என்றால் ஹார்மோன் குறைவாக இருக்கலாம். ரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து எளிமையானதுதான். க்ளோட்ரிமசோல் மாத்திரையை ராத்திரி படுக்கப் போகும்போது பிறப்புறுப்புக்குள் வைக்க வேண்டும்: 100 மில்லிகிராம் என்றால் 6 அல்லது 7 இரவுகள், 500 என்றால் ஒரே இரவு. காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வழியும், பயப்பட வேண்டாம். அரிப்பு நின்றுவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று ஃப்ளூகோனசோல் 150, வாயில் போடுவது. "ஒரே மாத்திரை, வேலை முடிந்தது" என்று எல்லோரும் கேட்பது அதைத்தான். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம். உங்களுக்கும் நான் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டேன். நீங்கள் போடுகிற கிளிமெபிரைடு என்கிற இன்னொரு சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த க்ரீம் டியூபில் க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அது ஸ்டீராய்டு. ரெண்டு நாள் சுகமாக இருக்கும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும், தோலும் மெலிந்துபோகும். டெட்டால் தண்ணீர், வாசனை சோப்பு, உள்ளே தயிர் வைப்பது எதுவும் வேண்டாம். வெளியில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தால் போதும். சித்தப்பாவுக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் அவருக்கு மருந்து.

ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் வந்தால் வெள்ளைப்படும் திரவத்தை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கேண்டிடாவில் ஃப்ளூகோனசோலுக்கு மசியாத வகையும் உண்டு.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் "புது மாத்திரைக்குப் பிறகு வெள்ளைப்படுகிறது, அரிப்பு" என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டிவிடுங்கள். க்ரீம் பேர் அதற்கப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்