வாசிப்புச் சோதனையின் முடிவு வகுப்பறைக்குத் திரும்பட்டும்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தாருக்கும் தொடக்கக் கல்வித் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். சோதனையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் பயன்படுகிற மாதிரி சோதியுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2022 ஜூனில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது நான் மகிழ்ந்தேன். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு வாசலையே பார்க்காத பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்றது சரியான முடிவு. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், 2025க்குள் அது நடக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தீர்கள். அதே 2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர ‘திறன்’ திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. பாக்கி எவ்வளவு இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பற்றிப் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் தருகிற ஏசர் அறிக்கை வெளிவரும் ஒவ்வொரு முறையும் அதன் எண்கள் சரியா தப்பா என்று பெரிய சண்டை நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. வீடு வீடாகப் போய், எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படியில் படிக்கச் சொல்லிக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு அது. மாநிலம் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். இந்தப் பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று சொல்லாது; சொல்வதற்காக உருவானதும் அல்ல. நம் வகுப்பறைச் சோதனையும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதுதான் என் குறை. செயலியில் விடையைத் தட்டுகிறோம், நிலை வருகிறது, மேலே போய்விடுகிறது. ஆசிரியர் கையில் ‘மொட்டு’ என்ற ஒரு சொல் மிஞ்சுகிறது.

மொட்டு என்று குறித்த நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருத்திக்குத் துணையெழுத்து குழப்பம். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ வந்தால் திணறுகிறாள். இன்னொருவன் ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொல்கிறான். கூட்டிச் சொல் என்றால் முடியவில்லை. பகல், பக்கம், தங்கம் மூன்றிலும் ஒரே ககரம், மூன்று விதமாக ஒலிக்கிறது என்பதை யாரும் அவனுக்குப் பழக்கவில்லை. மூன்றாமவள் சரளமாகப் படிக்கிறாள், என்ன படித்தாய் என்றால் முழிக்கிறாள். வீட்டில் தெலுங்கு, பாடநூல் தமிழ் அவளுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற பேச்சு. நான்காமவன் கெட்டிக்காரன். பாடம் முழுக்க மனப்பாடம், புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ‘வாசிப்பான்’. இந்த நாலு பேருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே சோதனைத் தாளில் சிலவற்றைச் சேருங்கள். தொமகி, கேலுபை மாதிரி பொருளில்லாத சொற்கள் சில இருக்கட்டும். மனப்பாடம் அங்கே உதவாது, எழுத்துக்கூட்டத் தெரிகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். துணையெழுத்துகளுக்குத் தனியாக ஒரு வரிசை. பிள்ளை செய்யும் பிழையை அப்படியே குறித்துக்கொள்ள ஓர் இடம். சரி, தப்பு என்ற இரண்டு பொத்தான் மட்டும் போதாது.

அப்புறம் வேகம். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்பது 2021இல் வந்த, ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத்தின் இலக்கு. தமிழுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்வது அநியாயம். ‘வீடுகளிலிருந்தும்’ என்பது நமக்கு ஒரு சொல். இந்தியில் அதையே மூன்று சொல்லாக எழுதுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள், ஓரளவு நியாயமாக இருக்கும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று படிக்கும் பிள்ளைக்குப் பிழை போடாதீர்கள் என்றும் கையேட்டில் எழுதுங்கள். அது ஊர்ப் பேச்சு, வாசிப்புக் குறை இல்லை.

கற்றல் குறைபாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை இயன்ற அளவு சீக்கிரமே கண்டுபிடித்துத் தகுந்த முறையில் கற்பிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடுக்கவும் சொல்கிறது. நடப்பில் நான் பார்த்தது வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் சான்றிதழுக்கு ஓடுகிறார்கள். அதற்குள் எட்டு வருடம் ‘மக்கு’ப் பட்டம் சுமந்தாயிற்று. இரண்டாம் வகுப்பிலேயே சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் அனுப்ப வழி வையுங்கள். முதல்நிலைச் சோதனையை வைத்து யாருக்கும் பெயர் சூட்டக் கூடாது. அது மேற்கொண்டு பார்க்கச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் பாருங்கள். கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் உண்டு.

நேரத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்க ஐந்து நிமிடம் என்றாலும், 30 பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் அந்த இரண்டரை மணி நேரம் மற்றவர்களை யார் பார்ப்பது? பருவத்துக்கு ஒரு நாளை வாசிப்புக் கேட்கும் நாளாக ஒதுக்குங்கள். அன்று ஆசிரியர் பயிற்றுநரோ இல்லம் தேடிக் கல்வியில் அனுபவம் பெற்ற தன்னார்வலரோ வகுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். எமிஸ் என்ற துறை இணையதளத்தில் பதிவு எதுவும் அன்றைக்கு வேண்டாம். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிற நேரத்தில் இரண்டு பிள்ளை வாசிப்பதைக் கேட்டுவிடலாம்.

இன்னொரு வேண்டுகோள், எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்த முடிவுகளை ஆய்வுக் கூட்டத்தில் திரையில் போட்டு, எந்தப் பள்ளி சிவப்பு என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த பருவத்தில் சிவப்பு காணாமல் போகும். எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாநில நிலை அறிய வேண்டுமானால் அதற்கென்று மாதிரி எடுத்து வெளியாட்களை வைத்துச் செய்யுங்கள். வகுப்பறைச் சோதனை ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இருக்கட்டும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற அடுத்த குறுவள மையப் பயிற்சியிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். பெற்றோரின் சம்மதம் வாங்கி, நாலைந்து பிள்ளைகள் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரும் பள்ளியும் வேண்டாம். அதை ஓடவிட்டு, இந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது, நாளைக்கு இதற்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசிரியர்களையே பேசவிடுங்கள். பவர்பாயின்ட்டை அன்று ஒருநாள் மூடிவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை ஒருவர்