டெல்மோர் ஷ்வார்ட்ஸின் எழுத்தையும் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க யூதக் கவிஞரும் சிறுகதையாசிரியருமான டெல்மோர் ஷ்வார்ட்ஸைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவருடைய மதுப்பழக்கமும் மனநோயும், 1966 ஜூலையில் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தபின் அவர் உடலைப் பெற்றுக்கொள்ளச் சில நாட்கள் யாரும் வராமற்போன துயரமுமே முன்னிற்கின்றன. எழுத்து பின்னுக்குப் போய்விடுவது மிகுந்த வருத்தம் தருகிறது.

ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1913இல் புரூக்ளினில் பிறந்த அவர், ‘கனவுகளில் பொறுப்புகள் தொடங்குகின்றன’ என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய கதை, 1937இல் ‘பார்ட்டிசான் ரிவ்யூ’ இதழில் வெளிவந்தது. 1909இல் நியூயார்க்கின் உல்லாசக் கடற்கரையான கோனி தீவுக்குச் சென்ற தன் பெற்றோரின் காதல் நாளைத் திரையரங்கில் படமாகக் காணும் இளைஞன், அவர்கள் மணந்துகொள்ள வேண்டாமென்று எழுந்து நின்று கதறுகிறான். பெற்றோரின் கசந்த மணவாழ்வு பிள்ளையின் நெஞ்சில் இறங்குவதை இத்தனை குறைந்த பக்கங்களில் சொன்ன கதைகள் அரிது. 1959இல் வந்த அவரது கவிதைத் தொகுப்பு, அமெரிக்கக் கவிதைக்கான பொலிங்கன் பரிசைப் பெற்றது.

பாரதியார் பத்தாண்டுகள் தங்கிக் கவிதையும் கதையும் படைத்த ஊர் எங்களுடையது. ஷ்வார்ட்ஸின் அக்கதையின் தமிழாக்கத்தைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் உரிய அனுமதியுடன் வெளியிடவும், இங்குள்ள ரோமன் ரோலண்ட் நூலகம் ஷ்வார்ட்ஸின் நூல்களை வாசகர்களுக்குக் கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி