வறுத்த எள்ளு விழுதுப் போத்தலுக்குள் கச்சான் இருக்கிறதா, இல்லையா?

உவர்மலை,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

விடயம்: எள்ளு நூடுல்ஸ் பெட்டி, சிவப்பு மூடிப் போத்தல் தொடர்பான முறைப்பாடு

மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியாயிற்று; நீலக்கோடு இரண்டும் விழுந்தன, பதில் விழவில்லை. தொலைபேசியில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று கேட்டுக் கேட்டு, இடையில் வருகிற அந்தப் பாட்டே எனக்குப் பாடமாகிவிட்டது. ஆகவே இந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வருகிறது. கேள்வி ஒன்றுதான். 'வறுத்த எள்ளு 100%' என்று நீங்கள் விற்கிற போத்தலுக்குள் கச்சான், அதாவது நிலக்கடலை, இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுத உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் கூடிப் பேச வேண்டும்?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 300 கிராம் நூடுல்ஸ், 180 கிராம் விழுது, கறுத்த எண்ணெய்ச் சிறு போத்தல், மிளகாய் எண்ணெய்ப் பக்கற், மடித்து வைத்த செய்முறைத் தாள். விலை 2,350 ரூபாய். விழுதுப் போத்தலில் மூன்று மொழியிலும் அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தபோது போத்தல் வேர்த்து, ஸ்டிக்கரின் மூலை கிளம்பிவிட்டது. நகத்தால் கொஞ்சம் உரித்தால், அடியில் தொழிற்சாலையே அச்சடித்த பழைய எழுத்து: எள்ளு 60%, கச்சான் 40%. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. இதில் எது பொய்?

கச்சான் கலப்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. சீனாவில் எள்ளும் கச்சானும் கலந்த விழுது தாராளமாக விற்கிறார்கள். எள்ளு விழுது கிடைக்காத இடத்தில் கச்சான் பட்டர் போட்டு நூடுல்ஸ் பிரட்டுகிற வீடுகளும் எத்தனையோ. கலந்ததைக் கலந்தது என்று எழுதி விற்க வேண்டும், அவ்வளவுதான். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அரைக் கரண்டியே போதும், உதடு வீங்கி மூச்சு முட்டிவிடும். எள்ளு அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அது வேறு ஒவ்வாமை, இது வேறு ஒவ்வாமை. நான் வீட்டிலிருந்து ஓடர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறவள். 'கச்சான் இல்லைத்தானே?' என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு உங்கள் ஸ்டிக்கரை நம்பித்தான் 'இல்லை' என்று சொன்னேன்.

அடுத்தது 'வறுத்த' என்ற சொல். நூடுல்ஸுக்குப் போடுகிற சீன எள்ளு விழுது, எள்ளை நன்றாக வறுத்து அரைத்தது. நிறம் மண்ணிறம், மூடியைத் திறந்தவுடனே வாசம் வரும். அரபு நாட்டுத் தஹினி, தோல் நீக்கிய எள்ளை வறுக்காமலோ இலேசாகச் சூடு காட்டியோ அரைப்பது. வெளிறிய நிறம், நாக்கில் சின்னக் கசப்பு. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட்டால் சோயா சோஸின் உப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும், எள்ளு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். உங்கள் போத்தலில் நிறம் தஹினியுடையது, வாசம் கச்சானுடையது, பெயர் மட்டும் வறுத்த எள்ளுடையது.

எண்ணெய் மேலே மிதந்து, அடியில் விழுது கல்லாகக் கிடந்ததைப் பற்றி நான் முறைப்பாடு செய்யவே இல்லை. எண்ணெய் பிரிவது எள்ளு விழுதின் இயல்பு. போத்தலைத் தலைகீழாக ஓர் இரவு வைத்து, காலையில் காய்ந்த கரண்டியால் அடிவரை கிளறினால் சரியாகிவிடும். ஆனால் உங்கள் ஆட்கள் யாரோடு பேசினாலும் அந்த ஒன்றையே பிடித்துக்கொள்கிறார்கள். "எண்ணெய் பிரிஞ்சிருக்கோ? வேற போத்தல் அனுப்புறம்." அதே ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு போத்தலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனி, தொலைபேசியில் என்னோடு பேசிய உங்கள் பிரிவுத் தம்பியிடம் வருகிறேன். செய்முறைத் தாளில், போத்தலில் பாதி விழுதோடு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து, 'கட்டியானதும்' நூடுல்ஸில் கலக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் விழுது இறுகி, கரண்டியோடு ஒரே உருண்டையாக எழும்பி வரும். நூடுல்ஸில் எங்கே பிரளும்? இதைத் தொலைபேசியில் சொன்னதற்கு உங்கள் பிரிவுத் தம்பி தந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, இது சைனீஸ் சாப்பாடு. நீங்க இடியப்பம் மாதிரி நினைச்சுத் தண்ணியைக் கூட விட்டிருப்பீங்க. தெரியாட்டிச் செய்யாமல் விடலாம்தானே." பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. பிறகு அந்தப் பாட்டு. பிறகு தொடர்பு துண்டிப்பு.

தண்ணீர் கூடியதாம்! தம்பிக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள்: தண்ணீர் குறைந்தால்தான் எள்ளு விழுது இறுகும். விழுது என்பது எண்ணெய்க்குள் மிதக்கிற பொடித் துணிக்கைகள். கொஞ்சத் தண்ணீர் பட்டதும் அந்தத் துணிக்கைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் அந்த உருண்டை. பயப்படாமல் இன்னும் தண்ணீர் விட்டு அடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இளகி, எண்ணெய் தண்ணீருக்குள் கலந்து, நிறம் வெளுத்துப் பளபளவென்று வரும். தாளில் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: 90 கிராம் விழுதுக்கு 4 முதல் 6 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், ஒவ்வொரு கரண்டியாக. அது இளகிய பிறகு சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி, வினாகிரி 1 மேசைக்கரண்டி (முதலில் முக்கால் கரண்டி விட்டு ருசி பார்க்க வேண்டும்), சீனி 2 தேக்கரண்டி, துருவிய உள்ளி 2 பல். கடைசியாகக் கறுத்த எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, மிளகாய் எண்ணெய் விருப்பத்துக்கு. பதம் தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். ஏனென்றால் நூடுல்ஸ் நிற்க நிற்க சோஸைக் குடித்துக்கொண்டே இருக்கும். சரியான பதத்தில் கலந்தது கால் மணித்தியாலத்தில் காய்ந்து போகும். பார்சல் கட்டுவதென்றால் சோஸ் தனி, நூடுல்ஸ் தனி. மேலே போடுகிற கெக்கரிக்காயும் தனி, அது தண்ணீர் விடும்.

கறுத்த எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது வறுத்த எள்ளில் எடுத்தது. வாசத்துக்காக அடுப்பை அணைத்த பிறகு விடுவது. உங்கள் தாள் அதைத் தாச்சியில் 'புகை வரும்வரை' காய்ச்சி உள்ளி தாளிக்கச் சொல்கிறது. காய்ச்சினால் வாசம் புகையோடு போகும், மிஞ்சுவது கசப்பு. இதைக் கேட்டதற்கு வேறொரு பிள்ளை, பிரச்சினை என்றால் கடையில் செக்கு நல்லெண்ணெய் வாங்கிப் பாவிக்கச் சொன்னார். நல்ல எண்ணெய்தான், மறுக்கவில்லை. அது வறுக்காத எள்ளில் ஆட்டியது, இந்த வாசம் அதில் வராது. அந்தப் பிள்ளை மரியாதையாகப் பேசினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் பிரிவில் மரியாதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அலைச்சலை எழுதாமல் விட்டால் எனக்கு ஆறாது. போத்தலை நேரில் காட்டினால் முகவர் மாற்றித் தருவார், முகவர் கன்னியாவில் இருக்கிறார் என்றார்கள். பட்டப்பகல் வெயிலில், போத்தலை ஐஸ் போட்ட பையில் வைத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்துக் கன்னியாவுக்குப் போனால் வெந்நீர்க் கிணறு ஏழும் இருந்தன, உங்கள் முகவரைத்தான் காணவில்லை. அங்கே நின்று திரும்ப அழைத்தால், "ஓ, சொறி, கிண்ணியா" என்கிறார்கள். கன்னியா எங்கே, கிண்ணியா எங்கே! ஒன்று அநுராதபுரம் பக்கமாகப் போகிற வழி, மற்றது குடாவைச் சுற்றிப் பாலம் கடந்து தெற்கே. கொழும்பில் கணினிக்கு முன்னால் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் போல. ஓட்டோக் காசை யார் தருவது?

கிண்ணியாவில் உங்கள் முகவரின் களஞ்சியத்தில் இருந்த மனிசன் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். "அந்தச் சிவப்பு மூடிப் போத்தலோ? அதெல்லாம் லொறியில திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க." ஏன் என்று கேட்டேன், தெரியாது என்றார். அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்! முகவரிடமிருந்து சத்தமில்லாமல் திருப்பி எடுக்கத் தெரிந்த உங்களுக்கு, வாங்கியவர்களிடம் சொல்லத் தெரியவில்லையா? என் வீட்டு அலுமாரியில் மட்டும் இன்னும் மூன்று பெட்டி கிடக்கிறது. ஊர்க் கடைகளில் எத்தனை கிடக்கிறதோ.

நூடுல்ஸைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டியின் முகப்பில் 'காரம் சேர்த்த மஞ்சள் நூடுல்ஸ்' என்று இருக்கிறது. காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, பொட்டாசியம், சோடியம் காபனேற்று; அது கோதுமை மாவை இறுக்கி, நூலுக்கு ஒரு இழுவையும் இயல்பான இள மஞ்சளும் கொடுக்கும். பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் கோதுமை மா, தண்ணீர், உப்பு, மஞ்சள் நிறமூட்டி ஈ102 மட்டும். காரத்தைக் காணவில்லை. கொதிநீர் மஞ்சளாகிறது, நூடுல்ஸ் தாளில் போட்ட 4 நிமிடத்துக்கு முன்பே குழைகிறது. இரண்டரை நிமிடத்தில் ஒரு நூலைக் கடித்துப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மறைகிற நேரத்திலேயே வடித்து, குளிர்ந்த தண்ணீரில் மாப்பசை போக அலசி, வடிதட்டில் நன்றாக உதறி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிரட்டி வைத்தால் ஓரளவு தப்பும். அலசிய தண்ணீர் நூலில் நின்றால் சோஸ் நீர்த்துப் போகும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

எள்ளை வாங்கிச் சிறு நெருப்பில் வெடிக்கத் தொடங்கும்வரை வறுத்து, சூடு ஆறும் முன்பே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கிரைண்டரில் அரைத்தால், உங்கள் போத்தலைவிட நல்ல விழுது வீட்டிலேயே வரும். பிறகு உங்கள் 2,350 ரூபாய்ப் பெட்டி எதற்கு?

உங்களால் வெள்ளிக்கிழமை ஓடர் முழுவதையும் நிறுத்தினேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். இந்த மாத வருமானமே போச்சு, ஊரில் எடுத்த பெயரும் போச்சு. ஒரு லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டாலும் குறைவு. ஆனாலும் நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் மிளகாய் எண்ணெய் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதைத் தனியாக விற்றால் வாங்குவேன்.

ஆகவே தயவுசெய்து, இந்தக் கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள்:

போத்தலில் கச்சான் இருக்கிறதா, எள்ளு வறுத்ததா என்பதற்குக் கையொப்பமிட்ட பதிலைத் தமிழில் தாருங்கள். இருக்கிறது என்றால், வாங்கியவர்களுக்கும் கடைகளுக்கும் பகிரங்கமாக அறிவித்து, மிச்சமுள்ள போத்தல்களைத் திருப்பி எடுங்கள். என்னிடமுள்ள பெட்டிகளின் காசையும் ஓட்டோக் காசையும் தாருங்கள். பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்திருக்கிறேன். அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்பதானால் கேட்கட்டும், நான் வற்புறுத்தவில்லை.

இல்லையென்றால் இதே கடிதம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977 என்பது எனக்கும் தெரியும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் எதற்காக வந்தது என்பதும் தெரியும். பொய்யான சுட்டுத்துண்டோடு உணவு விற்பது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும் விடயம். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகமும் தூரமில்லை. திறக்காத போத்தல்களை மாதிரி எடுப்பதற்காக ஸ்டிக்கரோடு அப்படியே வைத்திருக்கிறேன். உரித்த போத்தல் குளிர்சாதனப் பெட்டியில், தனிப் பையில்.

மாற்றுப் பெட்டி எதையும் கூரியரில் அனுப்ப வேண்டாம். வந்தால் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புவேன். எனக்கு வேண்டியது கடதாசியில் ஒரு பதில்.

இப்படிக்கு,
உவர்மலை வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதிகள், ஸ்டிக்கர் உரித்த போத்தலின் படங்கள், செய்முறைத் தாளின் பிரதி (பிழையான இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டது)