கழிமுகக் கரை முகாம்களில் வளர்ப்பு நாய்களுடன் தங்க அனுமதியும் தெளிவான விதிகளும் கோரும் மனு

அனுப்புநர்:
வளர்ப்பு நாய்களுடன் ஆற்றங்கரை முகாம்களுக்குச் சென்றுவரும் குடும்பங்களின் சார்பில், மனுதாரர்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
சுற்றுலாத் துறை.

பொருள்: ஆறு கடலில் சேரும் பகுதியிலுள்ள கூடார முகாம்களில் வளர்ப்பு நாய்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்குதல், எழுத்துபூர்வ விதிகள் வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் துறையின் பொறுப்பில் உள்ள கழிமுகக் கரை முகாம்களில் வளர்ப்பு நாய்க்கு அனுமதி உண்டா, இல்லையா என்பதைச் சொல்லும் விதி எதுவும் எழுத்தில் இல்லை. ஒரு முகாமில் கேள்வியே இல்லாமல் உள்ளே விடுகிறார்கள். அடுத்த முகாமில் அதே நாயை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். முகாமின் ஒரு பகுதியை நாய்களுடன் வருவோருக்கு ஒதுக்கி, எதுவரை அழைத்துச் செல்லலாம், எந்த இடத்தில் கால் வைக்கவே கூடாது என்பதை வரையறுத்து அறிவிக்க வேண்டும் என்று கோரியே இம்மனுவை அளிக்கிறேன்.

கடந்த கோடையில் முகாம் ஒன்றுக்கு முறையாக முன்பதிவு செய்துகொண்டு, ஒன்பது வயதான எங்கள் நாயுடன் சென்றோம். முன்பதிவுச் சீட்டில் நாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருட்டத் தொடங்கிய நேரத்தில் வாசலில் தடுத்தவர், "ஆட்கள் உள்ளே போகலாம், நாய் காரிலேயே இருக்கட்டும்" என்றார். வெளியே 22 பாகை செல்சியஸ் மட்டுமே இருக்கும் இதமான பகலிலும், வெயிலில் நிற்கும் மூடிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் 45 பாகையைத் தாண்டிவிடும் என்பதையும், உடல் முழுதும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் இயலாது என்பதையும் அறிந்த நாங்கள், மறுநாள் வெயில் ஏறிய பிறகு என்ன செய்வது என்ற கவலையிலேயே, காரின் கதவுகளைத் திறந்து வைத்து முறை போட்டு விழித்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பம் தங்கள் நாயை வாசலுக்கு வெளியே மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போயிற்று. அது விடியும்வரை குரைத்து ஓய்ந்தது. முகாமில் ஒருவரும் தூங்கியிருக்க முடியாது. வாசலில் நின்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்களுக்கு எடுத்துக்காட்டவோ, தாமே பார்த்துத் தெளியவோ அவர் கையில் விதி என்று எதுவும் இல்லை.

கழிமுகம் மற்ற முகாம் இடங்களைப் போன்றதன்று என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல்நீர் ஏறி வற்றுகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றம் இன்னும் கூடுதலாக இருக்கும். ஆகவே மாலையில் உலர்ந்த மணலில் முளையடித்துக் கட்டிய நாய், நள்ளிரவில் தண்ணீருக்குள் நிற்க நேரலாம். முளையும் கயிறும் உறுதியாக இருப்பதே அப்போது அதன் உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதைவிடப் பலரும் அறியாதது குடிநீர் பற்றியது. கடல்நீர் ஆற்றுநீரைவிடக் கனமானதால் ஆற்றின் அடியிலேயே உள்ளே நுழைந்து, ஏற்றத்தின்போது கரையோர நீரையும் உவர்ப்பாக்கிவிடுகிறது. காலையில் எங்கள் நாய் நக்கிக் குடித்த அதே துறையில், பிற்பகலில் நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தபோது உப்புக் கரித்தது. அதற்குள் அது வயிறு நிறையக் குடித்திருந்தது. இரவு முழுதும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அது சுருண்டு கிடந்ததை நான் மறக்கவில்லை. உப்புநீரை அதிகம் குடித்த நாய்க்கு இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பும், சில வேளைகளில் மரணமும் நேரும். ஒரு குடிநீர்க் குழாயும், அன்றாட ஏற்ற வற்ற நேரத்தை எழுதிவைக்கும் ஒரு பலகையும் இருந்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம். இந்த இரண்டு மட்டுமாவது இந்தப் பருவத்திலேயே செய்து தர வேண்டுகிறேன்.

நாய்களுக்குத் தடை விதிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே விதிக்கும்படி நானே கேட்கிறேன். ஆற்று முகத்து மணல்திட்டுகளில் உப்புக்கொத்தி, ஆலா ஆகிய பறவைகள் மணலில் சிறு குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிடுகின்றன. அருகில் நின்று பார்த்தாலும் முட்டை கண்ணில் படாது. நாய் ஒரு முட்டையைக்கூடத் தொட வேண்டியதில்லை. அது ஓடி வருவதைக் கண்டு தாய்ப்பறவை எழுந்துவிட்டால், சுடுமணலில் முட்டைகள் வெந்துவிடும். கடலாமை முட்டையிடும் கரைகளில் மோப்பம் பிடித்துத் தோண்டும் நாயும் அதே அழிவைச் செய்யும். எனவே கூடு கட்டும் மாதங்களில் மணல்திட்டுகளையும் ஆமைக் கரைகளையும் நாய்களுக்கு முற்றிலும் மூடி, கயிறு கட்டி எல்லை குறித்து, மீறும் நாயின் உரிமையாளரை யார் என்றும் பாராமல் முகாமிலிருந்து வெளியேற்றலாம்.

அனுமதி பெறும் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கட்டாயமாக வேண்டும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமே பரவுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதல் தடுப்பூசி போட்டு 21 நாள் ஆகாத நாயை ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாகத் தன் எல்லைக்குள் விடுவதில்லை. அந்தக் கணக்கையே இங்கும் கொள்ளலாம். ஈரமும் எலியும் சேர்ந்த கரை என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். முகாமுக்குள் இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் நாய் இருக்க வேண்டும், கழிவை உரிமையாளரே அள்ளி மூடிய தொட்டியில் போட வேண்டும் என்பவற்றில் யாருக்கும் விலக்குக் கூடாது. கழிமுகத்தின் சிப்பியும் மட்டியும் நீரை வடிகட்டி உண்பவை ஆதலால், கரையில் விட்ட கழிவின் கிருமிகள் அவற்றுள் சேர்ந்து, அவற்றை உண்பவர் வயிற்றுக்கே வந்து சேரும்.

நீரோட்டம் குறைந்த வெயில் மாதங்களில் கரையோரம் படியும் நீலப்பச்சைப் பாசி நரம்பு நச்சை உண்டாக்கும். கலிபோர்னியாவின் ஈல் ஆற்றில் இதனால் நாய்கள் இறந்தது பதிவாகியுள்ளது. பாசி கண்ட அன்றே துறை எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். இரை நாற்றத்தோடு மணலில் கிடக்கும் தூண்டில் முள்ளும் அறுந்த தூண்டில் இழையும் நாயின் உதட்டிலும் தொண்டையிலும் சிக்குகின்றன. குழந்தைகளின் காலிலும் ஏறுகின்றன. அவற்றைப் போட மீன்பிடி துறையருகே ஒரு தொட்டி போதும்.

நாயைக் கண்டு அஞ்சுவோரும், அதன் முடியால் ஒவ்வாமைக்கு ஆளாவோரும் முகாமுக்கு வருகிறார்கள். அவர்களுடைய அமைதி எங்கள் உரிமைக்குக் குறைந்ததன்று. ஆகவேதான் முகாம் முழுவதையும் திறந்துவிடுமாறு கேட்காமல், ஏற்ற மட்டத்துக்கு மேலே, நிழலும் தனி வழியும் உள்ள ஒரு பகுதியை மட்டும் கேட்கிறேன். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கு இந்த எல்லை பொருந்தாது என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். விதிகள் முழுவதும் முன்பதிவுச் சீட்டிலேயே அச்சிடப்பட்டால், இருட்டிய பிறகு வாசலில் நின்று வாதிட எவருக்கும் நேராது.

எங்கள் நாயின் தடுப்பூசி அட்டை, அன்றைய முன்பதிவுச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இடத்தை நேரில் காட்டவும், கூடு கட்டும் மாதங்களில் மணல்திட்டுக்கு எல்லைக் கயிறு கட்டும் பணியில் உடனிருக்கவும் எங்கள் குடும்பங்கள் ஆயத்தமாக உள்ளன. தாங்கள் கனிவுடன் பரிசீலித்து, அடுத்த கோடைப் பருவ முன்பதிவு தொடங்குமுன் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.